ஆற்றில் விழுந்த மரம்: இழுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

சமவெளியில் ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையைக் கவனித்தால் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டிக் கரையின் அடிமண் கரைந்துகொண்டே போயிருக்கும். வேர்கள் பிடித்துவைத்திருக்கும் மேல்மண் மட்டும் கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு மரம். வெள்ளம் ஏறும்போது அது பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும், வடியும்போதுதான் சாயும். வெள்ளத்தின்போது கரைக்கு முட்டுக்கொடுத்து நின்ற தண்ணீர் சடுதியில் இறங்கிவிடுகிறது. மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. கனத்துப்போன கரை தன் பாரம் தாங்காமல் சரிய, மரமும் கூடவே படுத்துவிடும். பாதி வேர் கரையிலேயே பிடித்திருக்கும். தலைப்பு, அதாவது கிளைப்பக்கம், தண்ணீரில் கிடந்து, கொஞ்ச நாளில் ஓட்டத்தோடு கீழ்ப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "ஆறு அடைத்துக்கொண்டது" என்று புகார் போகும், ரம்பமும் பொக்லைனும் வந்து நிற்கும், மரம் கரையேறும். சமவெளி ஆறுகளைப் பொறுத்தவரை இந்த வேலையில் பெரும்பகுதி வீண். சில இடங்களில் கெடுதலும்கூட. உண்மையிலேயே இடைஞ்சலாகக் கிடக்கும் மரத்துக்கும் பல சமயம் எடுப்பது தேவைப்படாது, திருப்பி வைத்தாலே போதும். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நீண்ட அளவுகோலும் கொஞ்சம் கூட்டல் பெருக்கலும் வேண்டும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. ஆற்று ஆய்வாளர்கள் 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமும் 1 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள கட்டையைப் 'பெரிய மரம்' என்று கணக்கெடுப்பார்கள். அதற்குச் சிறியது சுள்ளி, குப்பைக் கணக்கு. ஆனால் சமவெளி ஆற்றின் போக்கில் மாற்றம் செய்கிறவை இந்தக் குறைந்தபட்ச அளவுக்கு எங்கோ மேலே இருப்பவை: வேர்த்தூரோடு கிடக்கும் முழு மரங்கள்.

மலையாற்றில் விழுந்த மரம் உருண்டு போய்ப் பாறையிடுக்கில் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து படிக்கட்டு போல அணைகட்டும். சமவெளி ஆற்றுக்கு அந்த விசை கிடையாது. ஆற்றின் இழுவிசை அதன் நீரளவையும் வாட்டத்தையும் (சரிவையும்) பொறுத்தது. 5,000 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஆற்றில் நீர் எவ்வளவு இருந்தாலும் வாட்டம் அற்பம். எனவே கனமான மரம் விழுந்த இடத்திலேயே, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே, பல பத்தாண்டுகள் கிடக்கும். சிக்கிக்கொள்ளப் பாறையும் இல்லை. ஆற்றின் அடி முழுக்க மணலும் வண்டலும்தான்.

மரத்தின் மதிப்பும் அந்த மணலில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மணலில் எந்தப் பூச்சியும் ஒட்டி வாழ முடியாது. வண்டலில் புழுக்கள் சில வாழும், அவ்வளவுதான். கெட்டியான பரப்பு என்று அந்த ஆற்றில் ஏதாவது இருந்தால் அது விழுந்த மரம் மட்டுமே. தண்ணீருக்குள் போன சில வாரங்களிலேயே அதன் பட்டைமேல் வழுவழுப்பான பாசிப் படலம் படியும். பிறகு அதை மேயும் நத்தைகள் வரும், சிறு வலை பின்னி ஓட்டத்தில் வருவதை வடிகட்டித் தின்னும் பூச்சிப் புழுக்கள் வரும், இறால்கள் வரும், இவற்றைத் தின்ன மீன்கள் வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சட்டில்லா என்ற மணலடி ஆற்றில் செய்த ஆய்வு 1985-இல் வெளியானது. வாழிடப் பரப்பில் மரத்தின் பங்கு மிகச் சிறியது. ஆனால் முதுகெலும்பில்லாத உயிர்களின் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் அந்த மரங்களில்தான் இருந்தது. முக்கிய மீன் இனங்கள் நான்கு தங்கள் இரையில் குறைந்தது 60 சதவீதத்தை மரத்திலிருந்தே எடுத்தன. மணலடி ஆற்றிலிருந்து மரத்தை அகற்றுகிறவர் மீனின் சமையலறையை அகற்றுகிறார் என்று சொன்னால் அது மிகையில்லை.

மிதப்பதும் மூழ்குவதும்

மரம் மிதப்பது அதன் உள்ளறைகளில் இருக்கும் காற்றால். மரத்தின் சுவர்ப்பொருள் மட்டும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்று வெளியேறி அந்த இடத்தில் தண்ணீர் புகப்புக மரம் தாழும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அடர்த்தியான சில மரங்கள் விழுந்த அன்றே மூழ்கிவிடும். வெட்டி உலர்த்திய மரம்தான் ஆபத்து, உலர்ந்த கட்டை நெடுநாள் மிதந்து அலையும். அடர்த்தி தண்ணீரில் பாதியாக இருக்கும் உருண்டைக் கட்டை, நீர் அதன் விட்டத்தில் பாதி ஏறியதுமே கிளம்பிவிடும். 60 சென்டிமீட்டர் கட்டைக்கு 30 சென்டிமீட்டர் தண்ணீர் போதும்.

முழுதாக மூழ்கிக் கிடக்கும் மரம் எளிதில் மக்காது. மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும், நீர் ஊறிய மரத்துக்குள் அது இல்லை. மேலே சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாகத் தேயும். நனைவதும் காய்வதுமாக இருக்கும், நீர்மட்டத்தை ஒட்டிய பகுதிதான் முதலில் உளுத்துப்போகும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் சரியாக அந்த இடத்தில் ஒடிவதற்குக் காரணம் இதுதான். மரம் அழுகுவதால் தண்ணீர் நாறுகிறது என்று சொல்வதும் பெரும்பாலும் தவறு. நாற்றம் வருவது கிளைகளில் சேர்ந்த இலைச்சருகும் மிதக்கும் களையும் அழுகுவதால். அவற்றை வாரினால் போதும், அடிமரத்தைத் தொட வேண்டியதில்லை.

எவ்வளவு அடைக்கிறது?

அடைப்பைக் கணக்கிடுவது சுலபம். ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று பார்த்தால் மரம் எத்தனை சதுர மீட்டரை மறைக்கிறது என்று அளக்க வேண்டும். அதை ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் அடைப்பு விகிதம் கிடைக்கும். இது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நீர்மட்டம் உயர்வது பொதுவாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுதான்.

30 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் குறுக்குவெட்டு 90 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் சரியாகக் குறுக்கே கிடந்தால் மறைப்பது 6 சதுர மீட்டர், அதாவது 7 சதவீதத்துக்கும் குறைவு. கரையிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆற்றில் மூன்றில் ஒரு பங்கை அடைத்ததாகத் தெரியும், ஏனென்றால் அவர் பார்ப்பது நீளத்தை மட்டும். அதே மரத்தை ஓட்டத்தோடு 30 டிகிரி கோணத்துக்குத் திருப்பினால் மறைப்பு பாதியாகக் குறைந்து 3.3 சதவீதம் ஆகும். 20 முதல் 40 டிகிரிக்குள் திருப்பி வைப்பது பல இடங்களில் எடுப்பதற்கு மாற்றாகவே பயன்படுகிறது. செலவும் குறைவு, ஏனென்றால் வேர்ப்பக்கம் அசையாமல் இருக்கத் தலைப்பை மட்டும் வின்ச் போட்டு இழுத்தால் போதும்.

இரண்டு மரங்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நெருங்கிக் கிடந்தால் அடைப்பு இரட்டிப்பாகாது. முன்னதன் நிழலில் பின்னது கிடப்பதால் அதன்மேல் மோதும் ஓட்டம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பின்னதை மட்டும் எடுத்தால் நீர்மட்டத்தில் மாற்றம் ஏதும் தெரியாது. செலவுக் கணக்கில் மட்டும் தெரியும்.

இந்தக் கணக்கு தவறிப்போவது களையால். ஆகாயத்தாமரை மாதிரி மிதக்கும் செடிகள் கிளையில் சிக்கி 12 மீட்டர் அகலத்துக்கு, 1 மீட்டர் ஆழத்துக்குப் பாயாகச் சேர்ந்தால், அந்தப் பாய் மட்டுமே 13 சதவீதத்துக்கு மேல். மரம் ஓட்டை உடைசல் உள்ள தட்டி, களை சேர்ந்தால் அது சுவர். ஆகவே களை அதிகமுள்ள ஆற்றில் அடிமரத்தை விட்டுவிட்டு, நீர்மட்டத்தை ஒட்டி நீட்டியிருக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிடுவது நல்லது. மூழ்கியிருக்கும் கிளைகளைத் தொடாதீர்கள். மீன்குஞ்சுகள் ஒளிவது அவற்றில்தான்.

வாட்டம் குறைந்த ஆற்றில் இன்னொரு சங்கதி உண்டு. நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், 5,000-க்கு 1 வாட்டத்தில் அதன் தேக்கம் மேல்பக்கம் அரை கிலோமீட்டர் அளவுக்கு எட்டும். மலையாற்றில் அதே உயர்வு சில மீட்டரில் முடிந்துவிடும். அதனால் சமவெளியில் மரத்துக்குப் பக்கத்தில் பிரச்சினை தெரியாமல், மேலே எங்கோ ஒரு வடிகால் வாயில் தெரியலாம். ஆனால் கரைமீறும் பெருவெள்ளத்தில் மரத்தின் பங்கு சுருங்கிவிடும். குறுக்குவெட்டு பல மடங்கு பெருகுகிறது, மரமோ அதே அளவுதான். ஊர் மூழ்கியதற்கு ஆற்றின் அடியில் கிடக்கும் கட்டையைக் குற்றம் சொல்கிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

மடுவும் திட்டும்

நகர்ந்து வந்து சிக்கும் மரம் பெரும்பாலும் வேர்த்தூர் மேல்பக்கமும் தலைப்பு கீழ்ப்பக்கமுமாக நிற்கும். தூர் கனம், அது முதலில் தரை தட்டும், இலேசான தலைப்பு ஓட்டத்தோடு சுழன்று திரும்பிக்கொள்ளும். தூரில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, இரு பக்கமும் சுழித்து, மணலைத் தோண்டி மடு உண்டாக்கும். பின்னால் ஓட்டம் தளர்ந்த நிழலில் அந்த மணல் படிந்து திட்டாகும். திட்டில் நாணல் முளைத்தால் அங்கே தீவு உருவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கோடையில் ஆறு வற்றிச் சுருங்கும்போது மீன்கள் உயிர் பிழைப்பது அந்த மடுவில். களிமண் அடியாக இருந்தால் இவையெல்லாம் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

கரை அரிப்பு விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கரையிலிருந்து ஆற்றின் கீழ்ப்பக்கம் நோக்கிச் சாய்ந்து, நுனி தண்ணீருக்கு மேலே தெரியும்படி கிடக்கும் மரம், ஓட்டத்தை ஆற்றின் நடுவுக்குத் தள்ளும். கரைக்கு நல்லது. அதே மரம் முழுக்க மூழ்கி, தண்ணீர் அதன்மேல் வழிந்து போனால் கதை தலைகீழ். மேலே வழியும் நீர் கட்டைக்குச் செங்குத்தாகத் திரும்பும் குணமுடையது. கீழ்ப்பக்கம் நோக்கிச் சாய்ந்த கட்டையில் அந்தச் செங்குத்துத் திசை கரையைப் பார்த்து இருக்கும். அதனால் மூழ்கிக் கிடக்கப் போகும் கட்டையை நுனி ஆற்றின் மேல்பக்கம் நோக்கி இருக்குமாறு வைப்பார்கள், வழியும் நீர் நடுவுக்குப் போகும். வைக்கும்போது கோடை நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ள நாளில் அது மூழ்குமா என்று யோசிக்காமல் விட்டதால் கரை போன இடங்கள் நிறைய.

எடுத்ததன் கணக்கு

ஆற்று மரத்தை எடுக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது நீராவிப் படகுக் காலத்தில். மிசிசிப்பியில் அடியில் ஊன்றி அசையாமல் நின்ற மரங்களும், வேர் புதைந்து நுனி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மரங்களும் படகுகளின் அடிப்பலகையைக் கிழித்தன. 1824-இல் ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகளைச் சுத்தம் செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் 75,000 டாலர் ஒதுக்கியது. 1829-இல் நீராவிப் படகுக் கேப்டன் ஹென்றி ஷ்ரீவ் கட்டிய 'ஹீலியோபோலிஸ்' என்ற இரட்டை உடல் படகு, கட்டையை மோதிக் கிளப்பித் தூக்கி அறுத்தது. 1833-இல் அவர் லூசியானாவின் ரெட் ஆற்றுக்குப் போனார். அங்கே நூறு மைல்களுக்கு மேல் மரங்கள் சேர்ந்து ஆற்றையே மூடிக் கிடந்தன. 1838 வாக்கில் வழி திறந்தது, பிறகு மீண்டும் அடைத்தது. கடைசியில் 1873-இல் நைட்ரோகிளிசரின் வைத்துத் தகர்த்தார்கள். மரம் தேக்கிவைத்திருந்த நீர்மட்டம் இறங்கியது. அந்தத் தேக்கத்தை நம்பிப் படகு வந்துபோன டெக்சாஸின் ஜெபர்சன் துறைமுகம் பிழைப்பிழந்தது.

இன்னும் அண்மைக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில், ஹியூம் அணைக்கும் யாரவோங்காவுக்கும் இடையே 1976 முதல் 1987 வரை சுமார் 24,500 மரங்களை எடுத்தார்கள். பாசனத் தண்ணீர் தடையின்றிப் போக வேண்டும் என்பதுதான் காரணம். அந்த ஆற்றின் பெரிய மீனான மர்ரே காட், பொந்துள்ள கட்டை போன்ற கெட்டியான பரப்பில் முட்டையை ஒட்டவைக்கும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண்மீன் காவல் இருக்கும். கட்டை இல்லையென்றால் அதற்கு வீடு இல்லை. பிறகு அதே பகுதியில் 4,450 மரங்களைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். ஏழு ஆண்டுகளில் மர்ரே காட் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. எடுக்க ஒரு செலவு, போட இன்னொரு செலவு.

வெட்டுகிறவர்களுக்கு

எடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. பாலத் தூணுக்கும் மதகுக்கும் மேல்பக்கம் தளர்ந்து கிடக்கும் மரம், படகுப் பாதையின் நடுவில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் கட்டை, நீச்சல் துறைக்கு மேல்பக்கம் கிளை பரப்பிக் கிடக்கும் மரம் ஆகியவை அந்த வகை. கடைசி வகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கிளைகளின் ஊடே தண்ணீர் போகும், மனித உடல் போகாது. ஓட்டம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மரத்தை எப்போதும் கீழ்ப்பக்கத்திலிருந்தே அணுக வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, தூரைக் கரையில் விட்டு அடிமரத்தை அறுத்துவிடுவது. அதுவரை வேர் நங்கூரமாகப் பிடித்திருந்தது. அறுத்த பிறகு வெறும் கட்டை. அடுத்த வெள்ளத்தில் அது கீழே உள்ள பாலத்துக்குப் போய்ச் சேரும். ஆற்றின் அகலத்தைவிட நீளமான மரம் எளிதில் நகராது, அகலத்தில் பாதிகூட இல்லாத துண்டுகள் சுதந்திரமாகப் போகும். ஆகவே துண்டு போட்டு ஆற்றிலேயே விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. எடுத்தால் முழுதாகக் கரையேற்றுங்கள், விட்டால் முழுதாக விடுங்கள்.

அறுக்கும்போது வேர்த்தட்டின் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சாய்ந்த மரத்தின் பாரம்தான் வேர்த்தட்டைப் புரட்டி வைத்திருக்கிறது. பாரம் அறுந்ததும் பல நூறு கிலோ மண்ணோடு அது தன் பழைய குழிக்குள் திரும்ப விழும். வளைந்து இறுகியிருக்கும் கிளையில் எந்தப் பக்கம் இழுவை, எந்தப் பக்கம் அமுக்கம் என்று பார்க்காமல் ரம்பம் வைத்தால், அமுக்கப் பக்கத்தில் ரம்பம் கடிபடும், இழுவைப் பக்கத்தில் கிளை விசிறி அடிக்கும். முதலில் அமுக்கப் பக்கம் ஆழமில்லாமல் ஒரு வெட்டு, பிறகு இழுவைப் பக்கத்திலிருந்து முழு வெட்டு.

திரும்பப் போடுவது

மரத்தை ஆற்றில் நிறுத்தி வைக்க இரண்டு விசைகளை வெல்ல வேண்டும்: மேலே தூக்கும் மிதப்பு, ஆற்றின் கீழ்ப்பக்கமாக இழுக்கும் ஓட்டம். அதே 60 சென்டிமீட்டர், 10 மீட்டர் அடிமரத்தின் கனஅளவு 2.83 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு 800 கிலோ என்றால் முழுதாக மூழ்கும்போது 565 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். 500 கிலோ அடர்த்திக்கு உலர்ந்த மரமானால் அது 1,415 கிலோ. தண்ணீருக்குள் ஒரு கன மீட்டர் பாறையின் நிகர எடை சுமார் 1,650 கிலோதான். பாதுகாப்புக்கு இரு மடங்கு வைத்தால் பச்சை மரத்துக்கு 0.7 கன மீட்டர் பாறையும், உலர்ந்த மரத்துக்கு 1.7 கன மீட்டரும் வேண்டும். கரையில் எடையிட்டால் ஒன்று 1.8 டன், மற்றது 4.5 டன். பச்சையாகப் போடுவதால் மிச்சமாவது இந்த வித்தியாசம்.

ஓட்டத்தின் இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறுக்கே கிடக்கும் அந்த மரத்தின்மேல் நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம் ஏறத்தாழ 75 கிலோ அளவுக்கு அழுத்தும். 1 மீட்டரானால் 300 கிலோ, 2 மீட்டரானால் 1,200 கிலோ. மெதுவான ஆற்றில் மரத்தைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் மிதப்புதான், ஓட்டம் அதற்குப் பிறகு சேர்ந்துகொள்கிறது.

பாறை கிடைக்காத மணல்நாட்டில் நல்ல வழி கரையில் புதைப்பது. நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கரைக்குள் வெட்டிய பள்ளத்தில் கிடத்தி, மண்ணை அடுக்கடுக்காக இடித்து மூட வேண்டும். மண்ணை இளக்கமாகக் கொட்டி மூடினால் முதல் வெள்ளம் அந்தப் பள்ளத்தையே வழியாக்கிக்கொண்டு மரத்தின் பின்புறமாகப் பாயும். மரம் நடு ஆற்றில் அநாதையாக நிற்கும், கரை பின்வாங்கிப் போயிருக்கும். இன்னொரு வழி, இருபுறமும் மரக்கம்புகளை அறைந்து இடையில் இடுக்குவது. கம்பின் மூன்றில் இரண்டு பங்கு தரைக்குள் போக வேண்டும், மடு தோண்டப்படப்போகும் ஆழத்தைச் சேர்க்காமல். இரும்பு வடம் போட்டுக் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. மரம் அசைந்து அசைந்து வடம் தளரும், மரம் உளுத்துப் போன பிறகும் வடம் மட்டும் ஆற்றில் கண்ணியாகக் கிடக்கும்.

வேலையை நீர் மிகக் குறைந்த நாட்களில், மீன் முட்டையிடும் பருவம் தவிர்த்துச் செய்வார்கள். வேர்த்தூரும் கவைக்கிளைகளும் உள்ள மரத்தையே தேர்ந்தெடுப்பார்கள். மழுங்கச் செதுக்கிய கம்பம் போல ஒன்றைப் போட்டால் அது நங்கூரமும் பிடிக்காது, மீனும் அண்டாது.

போட்ட மரம் ஒவ்வொன்றிலும் உலோகத் தகட்டில் எண் அடித்து, கரையில் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வெள்ளம் வடிந்ததும் பார்க்க வேண்டியவை மூன்று: மரம் எவ்வளவு நகர்ந்தது, தூரின் முன்னால் மடு எவ்வளவு ஆழம், கரையோடு சேரும் இடத்தில் மண் அரித்திருக்கிறதா. தன் நீளத்துக்குள் நகர்ந்து கோணம் மாறியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம், ஆறு தனக்குப் பிடித்த கோணத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. கரைப்பக்கம் விரல் நுழையும் அளவு பிளவு தெரிந்தாலும் அதை அன்றே இடித்து மூட வேண்டும். இரண்டாம் வெள்ளம் வரை விட்டால் அந்தப் பிளவு வாய்க்காலாகிவிடும்.